அட்டைப்பெட்டியில் பிளெக்ஸோ அச்சு: எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறிய அட்டைப்பெட்டிப் பட்டறை இருக்கிறது. இரண்டு வண்ண அச்சு இயந்திரம் ஒன்று, கம்பிப் பின் அடிக்கும் இயந்திரம் இரண்டு, மழைக்கு ஒழுகாத கூரை ஒன்று. தேன், சிப்ஸ், முந்திரிப் பருப்பு, தேங்காய் எண்ணெய் என்று குமரி மாவட்டத்திலிருந்து லாரி ஏறும் சரக்குகளுக்குப் பெட்டி செய்கிறோம். ஒரே கேள்விக்குத் தொலைபேசியில் ஒரு நாளைக்கு நான்கு முறை பதில் சொல்லி ஓய்ந்துபோனதால் இதை எழுதி வைக்கிறேன்.

பிளெக்ஸோ என்பதும் பிளெக்ஸ் பேனரும் ஒன்றுதானே?

இல்லை. ஆவணி பிறந்தால் கல்யாண பேனருக்கு விலை கேட்டு இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். பேனரில் கணினி சொல்கிறபடி இயந்திரம் மையை நேரடியாகத் தெளிக்கிறது. அதற்குத் தகடே கிடையாது. பிளெக்ஸோவில் தகடு உண்டு. வளைந்துகொடுக்கும் தகடு என்பதால்தான் அந்தப் பெயர். பெயரில் ஓர் 'ஓ' கூடுகிறது. தொழில் முழுக்க வேறு.

அப்படியென்றால் அச்சு எப்படி விழுகிறது?

ரப்பர் ஸ்டாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மேடாக இருக்கும், மற்ற இடம் பள்ளமாக இருக்கும். மேட்டில் மை ஒட்டும், அது தாளில் பதியும். அந்த ஸ்டாம்பைப் பெரிதாக்கி ஓர் உருளையில் சுற்றி ஒட்டினால் பிளெக்ஸோ.

ஸ்டாம்புக்கு மைத்திண்டு இருப்பதுபோல இங்கே அனிலாக்ஸ் என்ற உருளை இருக்கிறது. கையால் தடவினால் வழவழப்பாகத்தான் இருக்கும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க அறுகோணக் குழிகள். மார்த்தாண்டத்துத் தேன்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது: அப்படியே தேனடை. ஓர் அங்குலத்துக்கு 200, 250 வரிசைக் குழிகள் கொண்ட உருளைதான் அட்டைப்பெட்டி வேலைக்கு வழக்கம். ஒவ்வொரு குழியும் தன் கொள்ளளவுக்கு மட்டும் மை எடுத்துத் தகட்டுக்குக் கொடுக்கும். மிஞ்சிய மையை ஒரு பிளேடோ ரப்பர் உருளையோ வழித்துவிடும். எத்தனை ஆயிரம் பெட்டி ஓடினாலும் மை ஒரே அளவாக விழுவது இந்தக் குழிகளால்தான். அன்றன்று கழுவாமல் விட்டால் மை காய்ந்து குழி அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு எந்த மை ஊற்றினாலும் வெளிறிய அச்சுதான்.

இன்னும் கொஞ்சம் அழுத்தி, அழுத்தமாக அச்சடித்துத் தரக்கூடாதா?

இந்தக் கேள்விக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பெட்டிகள் இந்த ஆசையால்தான் கெடுகின்றன.

அட்டைப்பெட்டியின் பலம் நடுவில் இருக்கிற நெளிவில் இருக்கிறது. இரண்டு தட்டைத் தாள்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடும் அந்தத் தாளைப் புளூட் என்கிறோம். பெட்டி நிற்கும்போது இந்த வளைவுகள் செங்குத்தாக, வரிசையாக நட்ட தூண்கள்போல நிற்கின்றன. தகடு அட்டையை அமுக்கினால் தூண் நசுங்கும். நசுங்கியது மறுபடி எழும்பி நிற்பதுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் போன பலம் திரும்பாது. கடையில் ஐந்தாவது பெட்டியை அடுக்கும்போது அடிப்பெட்டி இடுப்பு வளைந்து உட்காரும். பழி காகிதத்தின் மேல் விழும்.

ஆகவே தகடு அட்டையைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ஒவ்வொரு புது வேலையையும் இயந்திரத்தில் ஏற்றும்போது நாங்கள் செய்வது இது: பி புளூட் (நெளிவின் உயரத்தில் ஒரு வகை) மூன்று பிளை, அதாவது மூன்று அடுக்குத் தாள் கொண்ட அட்டை ஏறக்குறைய 3 மி.மீ. கனம் இருக்கும். அச்சுக்கு முன் ஓர் இடத்தில் பென்சிலால் குறியிட்டுக் கனத்தை அளக்கிறோம். அச்சான பிறகு அதே குறியில் மறுபடி அளக்கிறோம். 0.1 மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் இயந்திரத்தை நிறுத்தி உருளையைத் தூக்குகிறோம். அளவுகோல் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். எழுத்தின் ஓரத்தில் கருத்த கோடும் உள்ளே வெளிறலும் தெரிந்தால், அழுத்தத்தில் மை ஓரத்துக்குப் பிதுங்கியிருக்கிறது என்று பொருள். நிறம் வரிவரியாக, வேட்டிக் கரைபோல விழுந்தால் புளூட்டின் முதுகில் மட்டும் மை பிடித்திருக்கிறது. இரண்டாவதைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை தானாக அழுத்தத்தைக் கூட்டப் போகும். அங்கேதான் தவறு. முதலில் தகடு சமமாக ஒட்டியிருக்கிறதா, அட்டை சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்டி முழுக்க ஒரே நிறம் பூசித் தரச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். பெரிய நிறப்பரப்புக்கு மையும் அதிகம், அழுத்தமும் அதிகம். மை நீர்மை என்பதால் அட்டைக்கு ஈரமும் கூடுகிறது. ஒரு பெட்டி தாங்கும் சுமையில் பெரும்பகுதியை அதன் நான்கு செங்குத்து மூலைகள்தான் தாங்குகின்றன. நிறத்தை முகப்பின் நடுவில் வைத்து மூலைகளை வெறுமையாக விடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

எத்தனை பிளை வேண்டும்?

'எத்தனை பிளை' என்பது பாதிக் கேள்விதான். என்ன தாள், எத்தனை ஜி.எஸ்.எம்., எத்தனை பி.எஃப். என்று சேர்த்துக் கேளுங்கள். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். பி.எஃப். என்பது தாள் கிழியாமல் தாங்கும் அழுத்தத்தின் குறியீடு. 150 ஜி.எஸ்.எம்., 18 பி.எஃப். தாள் என்றால் இரண்டையும் பெருக்கி 1000-ஆல் வகுங்கள்: 2.7. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ தாங்கும். இந்தக் கணக்கு தெரிந்தவரிடம் மெலிந்த தாளில் ஐந்து பிளை செய்து தலையில் கட்ட முடியாது.

சுமைக் கணக்கும் அப்படித்தான். ஒரு கிலோ தேன் அடைத்த கண்ணாடி பாட்டில் 12 வைத்த பெட்டி ஏறக்குறைய 17 கிலோ வரும். ஆறு பெட்டி உயரத்துக்கு அடுக்கினால் அடிப்பெட்டியின் தலையில் 85 கிலோ. ஈரம், லாரிக் குலுக்கல், மாதக்கணக்கில் கிடங்கில் கிடப்பது எல்லாவற்றையும் நினைத்து அதை நான்கால் பெருக்கிக்கொள்கிறேன். 340 கிலோ. இதற்கு ஐந்து பிளையும் உள்ளே தடுப்பு அட்டையும் வேண்டும்.

சிப்ஸ்காரர்கள் இதைக் கேட்டு, எங்கள் சரக்கு காற்றுத்தானே, மெல்லிய பெட்டி போதும் என்பார்கள். எடை குறைவு என்பது சரி. ஆனால் தேன் பாட்டில் தானும் கொஞ்சம் சுமையைத் தாங்கும். சிப்ஸ் பை எதையும் தாங்காது. மேலே இருக்கும் மொத்தத்தையும் பெட்டிதான் சுமக்க வேண்டும். நேந்திரம் சிப்ஸ் தூளாகிப் போய்ச் சேர்வது எண்ணெயின் குற்றமல்ல. முந்திரிக்குக் கணக்கு ஏற்கெனவே உலகம் முழுக்கத் தெரிந்தது: 11.34 கிலோ பொதி இரண்டு, மொத்தம் 22.68 கிலோ, அதாவது பழைய 50 பவுண்டு. அந்தப் பெட்டியில் மிச்சம் பிடிக்க யாரும் முயல வேண்டாம்.

தமிழ் எழுத்து தெளிவாக வருமா?

வரும், எழுத்துக்கு இடம் கொடுத்தால். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் அளவு தமிழுக்குப் போதாது. காரணங்கள் இரண்டு: சுழியும் புள்ளியும்.

'தேங்காய் எண்ணெய்' என்று எழுதிப் பாருங்கள். நான்கு புள்ளி, இரண்டு மூன்றுசுழி 'ண'. பிளெக்ஸோவில் மை எப்போதும் தகட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் பரந்துதான் விழும். சிறிய எழுத்தில் சுழிகளின் வயிறு அடைத்துக்கொள்ளும். புள்ளியின் கதை இன்னும் மோசம். பக்கத்தில் துணையில்லாமல் தனியாக நிற்கும் மேடு என்பதால் அந்த இடத்தின் அழுத்தம் முழுவதும் அதன் தலையில் இறங்கும். அது பருத்து எழுத்தோடு ஒட்டும். மிகச் சிறிய புள்ளியாக இருந்தால் தகடு செய்யும்போதே போய்விடும்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு தேன் வியாபாரிக்கு ஆயிரம் பெட்டி அடித்தோம். சரக்கு போய் இரண்டு நாள் கழித்து அந்த அக்கா ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். 'சுத்தமான தேன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சுத்தமான தேன' என்று இருந்தது. "தம்பி, புள்ளியைத் தேனீ தூக்கிக்கொண்டு போய்விட்டதா?" என்று கேட்டார். தகட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். 'ன'வின் தலைக்கு மேல் வெறும் பள்ளம். தகட்டைக் கழுவும் தூரிகை புள்ளியைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. ஓட்டும்போது எங்களில் ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. ஆயிரம் பெட்டிக்கும் நாங்கள்தான் பேனாவால் புள்ளி வைத்தோம். என் மனைவிக்கு இன்றும் அதைச் சொன்னால் விரல் வலிக்கும்.

அதிலிருந்து எங்கள் பட்டறை விதி: தமிழ் எழுத்து குறைந்தது 4 மி.மீ. உயரம், கோடுகள் ஒரே கனமாக இருக்கும் எழுத்துரு, புள்ளியை எழுத்திலிருந்து சற்று விலக்கிப் பெரிதாக்குவது. நிறப்பரப்புக்குள் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் இதைப்போல ஒன்றரை மடங்கு, ஏனென்றால் அங்கே புள்ளி என்பது ஒரு துளை. மை அதை மூடப் பார்க்கும். திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்குப் போகும் பெட்டிகளில் மலையாளமும் சேர்ந்து வரும். வளைவும் சுழியும் அங்கும் குறைவில்லை, அதே விதி.

பழுப்பு அட்டையில் என் லோகோவின் நிறம் ஏன் மங்கலாக இருக்கிறது?

மை ஒளி ஊடுருவும் வகை. கீழே இருக்கும் பழுப்பு மேலே வந்து கலக்கும். மஞ்சள் அடித்தால் கடுகுக் குழம்பு நிறமாகும். இளநீலம் அழுக்காகத் தெரியும். கறுப்பு, கரும்பச்சை, அடர்சிவப்பு, அடர்நீலம் நிற்கும். கணினித் திரையில் பார்த்த மஞ்சள்தான் வேண்டுமென்றால் வெளித்தாளை வெள்ளையாக எடுக்க வேண்டும், விலை கூடும்.

சிவகாசி காலண்டர்போலப் புகைப்படம் அச்சாகுமா?

எங்கள் இயந்திரத்தில் ஆகாது. நெளி அட்டையில் நேரடியாக அடிக்கும்போது படத்தை உருவாக்கும் மைப்புள்ளிகளைப் பெரிதாக வைத்தாக வேண்டும். காலண்டர் அச்சிடும் ஆஃப்செட் முறையின் நுணுக்கம் வராது. மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஒருவர் சீப்பின் புகைப்படத்தோடு பரிசுப்பெட்டி கேட்டு வந்தார். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: மேல்தாளை ஆஃப்செட்டில் அச்சடித்து வாங்கி, அதை நெளி அட்டையின் மேல் ஒட்டிப் பெட்டி செய்யலாம். அழகாக இருக்கும். கோட்டோவியமாக வரைந்து ஒரே பச்சையில் அடித்தால் கால்வாசிச் செலவில் முடியும், எனக்கு அதுவே பிடிக்கும். அவர் புகைப்படத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

தகட்டுக்குத் தனியாக ஏன் பணம்? அது யாருடையது?

தகட்டைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் வெளியூரில் செய்து வாங்குகிறோம். பணம் கொடுத்தது நீங்கள், தகடும் உங்களுடையது. வேறு பட்டறைக்குப் போனால் வாங்கிக்கொண்டு போகலாம். எங்களில் பழைய ஆட்கள் இன்னும் 'ஸ்டீரியோ' என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் இயற்கை ரப்பரில் செய்தது. கீரிப்பாறைப் பக்கம் பால் வெட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. இப்போது போட்டோபாலிமர். புற ஊதா ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் கழுவும்போது கரைந்து போகும்.

தகட்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு. தட்டையாகச் செய்த தகட்டை உருளையில் சுற்றினால் மேற்பரப்பு இழுபடும். 3.94 மி.மீ. கனத் தகட்டை ஒரு மீட்டர் சுற்றளவில் ஓட்டினால் சுற்றும் திசையில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகமாக நீளும். உங்கள் வட்ட முத்திரை முட்டையாகிவிடும். அதனால் தகடு செய்யும்போதே அந்த அளவைக் குறைத்துச் செய்யச் சொல்கிறோம். இயந்திரம் மாறினால் குறைக்கும் அளவும் மாறும். அடுத்த பட்டறையில் உங்கள் வட்டம் முட்டையானால் எங்களைத் திட்ட வேண்டாம்.

தகட்டைச் சோப்பு நீரில் கழுவி, வெயில் படாமல், மடிக்காமல் வைத்தால் பல முறை ஓடும்.

மழைக்காலத்தில் பெட்டி ஏன் தளர்கிறது?

மற்ற மாவட்டங்கள் பலவற்றுக்கு ஒரு மழை என்றால் நமக்கு இரண்டு. பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி வந்துவிடும். காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஏழிலிருந்து ஒன்பது சதவீதம் வரை ஈரம் இருந்தால் அட்டை நல்ல நிலையில் இருக்கிறது. அதற்கு மேல் போனால் வளையும், பசை இளகும், ஈரம் மிகுந்த நாட்களில் பெட்டியின் தாங்கும் திறன் பாதியாகவும் குறையும். பசை மாவுச்சத்துதான், மக்காச்சோளத்திலும் எடுக்கலாம், நம் மரச்சீனிக் கிழங்கிலும் எடுக்கலாம். தண்ணீரோடு அதற்குப் பழைய உறவு.

அச்சுக்கும் தொல்லைதான். எங்கள் மை நீரில் கரைந்தது. கொஞ்சம் அட்டைக்குள் இறங்கியும் கொஞ்சம் காற்றில் ஆவியாகியும் காய வேண்டும். ஆடி மாதத்தில் காற்றே ஈரமாக இருந்தால் எங்கே போய்க் காயும்? அதனால் வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறோம், அடுக்கைச் சிறியதாக வைக்கிறோம். அவசரப்பட்டு அடுக்கினால் மேல் பெட்டியின் முதுகில் கீழ்ப்பெட்டியின் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி ஒட்டியிருக்கும். கோடையில் நேர்மாறு: மை தொட்டியிலேயே கெட்டியாகும். உடனே தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றக் கூடாது, முதலில் பி.எச்., அதாவது அமில-கார அளவு பார்க்க வேண்டும். அது 8.5-க்கும் 9.5-க்கும் நடுவில் இருந்தால்தான் மையின் பிசின் கரைந்த நிலையில் இருக்கும். காரம் ஆவியாகி அளவு இறங்கியதால் கெட்டியான மைக்குத் தண்ணீர் மருந்தல்ல. நிறம்தான் வெளிறும்.

உங்கள் கிடங்கில் செய்ய வேண்டியது எளிது. பெட்டிக் கட்டைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஜூன் மாதத்துக்கு வேண்டியதை ஏப்ரலில் வாங்கிக் குவிக்காதீர்கள்.

இந்த மை உணவுக்கு ஆகுமா?

பெட்டிக்கு வெளியே இருக்கும்வரை கவலையில்லை. உணவு உள்ளே தனிப் பையில் அல்லது பாட்டிலில் இருக்க வேண்டும். உணவுப் பொதிக்கான அச்சு மை ஐ.எஸ். 15495 தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எந்தப் பட்டறையிலும் அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். அச்சான பக்கத்தில் சிப்ஸைக் கொட்டி வைப்பது கூடவே கூடாது.

இந்தப் பயம் புதிதல்ல. 1890-இல் லிவர்பூலில் 'பிபி, பாரன் அண்ட் சன்ஸ்' நிறுவனம் இவ்வகை இயந்திரம் ஒன்றைச் செய்தபோது மை ஒட்டாமல் வழிந்து, 'பிபியின் முட்டாள்தனம்' என்று பெயர் வாங்கியது. பிறகு அனிலீன் சாயத்தில் ஓடியதால் 'அனிலீன் அச்சு' என்றார்கள். அனிலீன் நஞ்சாயிற்றே என்று உணவு வியாபாரிகள் ஒதுங்கியதால்தான், 1952-இல் அமெரிக்காவில் 'பிளெக்ஸோகிராஃபி' என்று பெயரை மாற்றினார்கள்.

பார்கோடு அச்சிடலாமா?

வெளிப்பெட்டிக்கு உரிய 14 இலக்கப் பட்டை என்றால் தாராளமாக. அதன் முழு அளவில் மெல்லிய கோடே 1.016 மி.மீ. இருக்கும், நெளி அட்டைக்காகவே அமைந்ததுபோல. மிகவும் சுருக்கச் சொல்லாதீர்கள். கோடுகள் தகடு சுற்றும் திசையிலேயே நிற்க வேண்டும். அப்போது தகடு இழுபட்டாலும் கோடு நீளுமே தவிரத் தடிக்காது. சிவப்பில் கேட்காதீர்கள். படிக்கும் கருவியின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடு கண்ணுக்கே தெரியாது. கடையில் விற்கும் சிறு பொதியின் பார்கோட்டை ஸ்டிக்கராக ஒட்டிவிடுங்கள்.

மீன் பெட்டி செய்வீர்களா?

உலர்ந்த கருவாட்டுக்குச் செய்வோம். ஐஸ் வைத்த மீனுக்கு மெழுகு பூசிய அட்டை வேண்டும். எங்களிடம் அந்த வசதி இல்லை.

ஐம்பது பெட்டி மட்டும் வேண்டும், முடியுமா?

பெட்டி தருவோம், பிளெக்ஸோ அச்சு வேண்டாம். ஐம்பது பெட்டிக்காகத் தகடு செய்தால் தகட்டின் விலை பெட்டியை விழுங்கிவிடும். இயந்திரத்தைச் சரிசெய்வதற்குள்ளேயே இருபது முப்பது தாள் வீணாகும். வீட்டில் சோப்பு செய்யும் பெண்கள் சிலருக்கு நான் சொல்வது: வெறும் பெட்டி வாங்கி, நல்ல ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்து நீங்களே குத்துங்கள். தத்துவம் ஒன்றேதான். ஐந்நூறைத் தாண்டும்போது வாருங்கள்.

மாதிரிப் படியில் கையெழுத்திடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

படத்தைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் கண்ணில் படும். எண்களைப் பாருங்கள்: உணவு உரிம எண் 14 இலக்கமும் இருக்கிறதா, எடை, அஞ்சல் குறியீடு, தொலைபேசி. பிறகு புள்ளிகளை எண்ணுங்கள். நாங்கள் இப்போது படியில் இருக்கும் தொலைபேசி எண்ணை எங்கள் கைபேசியிலிருந்து அழைத்துப் பார்த்த பிறகுதான் தகட்டுக்கு அனுப்புகிறோம்.

ஒரு சிப்ஸ் பெட்டியில் ஓர் இலக்கம் மாறிப்போய், வேறு ஊரில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மூன்று மாதம் ஆர்டர் போய்க்கொண்டிருந்தது. அடி மடிப்பில் பட்டறை எண்ணும் அச்சிடுவது வழக்கம் என்பதால் கடைசியில் அவர் எங்களையே அழைத்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, இத்தனை பேர் கேட்கிறார்களே, அந்தச் சிப்ஸ் கிலோ என்ன விலை என்று கேட்டார்.